ஓடுகிற பிள்ளைக்கு ஒரு கூரை

(கல்முனையில் ஒரு இளம் ஓட்ட வீரரின் குடும்பத்துக்கு வீடு வாங்கிக் கொடுப்பதற்காகக் கூடிய உதவிக் கூட்டத்தில், நமது சங்கத்தின் சார்பில் பேசப்பட்ட உரை. தோட்டக் கிளைக் கூட்டங்களில் வாசித்துக் கலந்து பேசுவதற்காக முழுமையாகத் தரப்படுகிறது.)

 

இந்தக் கூட்டம் யாருக்காகக் கூட்டப்பட்டதோ அந்தப் பிள்ளை இந்த மேடையில் இல்லை. வர வேண்டாம் என்று கழகத்துத் தம்பிமாரிடம் கேட்டுக்கொண்டவர்கள் நாங்கள்தான். அவருடைய பெயரையும் நாங்கள் இங்கே சொல்லப்போவதில்லை. உங்களுக்கு அவரைத் தெரியும். அவர் உங்கள் ஊர்ப் பிள்ளை. எங்கள் செய்தித்தாளில் இந்தப் பேச்சை வாசிக்கப்போகிறவர்களுக்கு, அவர் 400 மீற்றர் ஓடுகிறவர், இரண்டு தங்கச்சிமாருக்கு நானா என்று தெரிந்தால் போதும். உதவி வாங்குகிறவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திப் படம் எடுப்பது எங்களுக்குச் சம்மதமில்லை. எங்கள் தோட்டங்களில் அரிசிப் பை கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

நாங்கள் ஐந்து பேர் வந்திருக்கிறோம். அதில் மூன்று பேர் கொழுந்து எடுக்கிற பெண்கள். நேற்று ஹப்புத்தளையில் பஸ் ஏறினோம். பெரகல, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியில் வந்து இங்கே இறங்கினோம். உங்கள் கல்முனைக் கடைத்தெரு நடுவே போகிற வீதியும் அந்த ஏ4 வீதிதான். எங்கள் மலையையும் உங்கள் கடலையும் ஒரே வீதி சேர்த்துக் கட்டியிருக்கிறது.

அந்த வீதியில் வரும்போது கொஸ்லந்தையில் எங்கள் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அங்கே மீரியபெத்த தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் திரும்பி வந்து பார்த்தபோது, லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கினார்கள். புது வீட்டுக்கு 2016 வரை காத்திருந்தார்கள். உங்கள் கரையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி நடந்ததை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இந்த அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். வீடு போவது என்றால் என்ன என்று தெரிந்த இரண்டு கூட்டம் இன்றைக்கு ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்தப் பேச்சை வீட்டில் இருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் பக்கத்தில் சிலர் கேட்டார்கள்: "ஓடுகிற பிள்ளைக்கு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுக்கலாம், முட்டை பால் வாங்கிக் கொடுக்கலாம். வீடு எதற்கு?" நியாயமான கேள்வி. கழகத்துத் தம்பிமார் எங்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் விளங்கியது.

இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளையோடு போகிறது. கலியாணம் முடித்த ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போகிறார். வீட்டில் குமர்ப்பிள்ளை இருந்தால் அவளுக்கு ஒரு வளவும் வீடும் வேண்டும். தகப்பனுக்கு முடியாவிட்டால் அந்தப் பாரம் நானாமார் தோளில் ஏறுகிறது. அதற்காகவே கட்டாருக்கும் சவூதிக்கும் எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள்! தங்கச்சிக்குச் சுவர் எழும்பட்டும் என்று தன் வாலிபத்தைப் பாலைவனத்தில் கழித்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். இந்த வழக்கம் சரியா பிழையா என்று பேச நாங்கள் வரவில்லை. அதை நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வீர்கள். நாங்கள் சொல்வது, நடப்பு இதுதான் என்பதை மட்டும்.

இந்தப் பிள்ளையின் வாப்பாவுக்குக் கடலுக்குப் போக உடம்பு இடம் தரவில்லை. உம்மா நெசவு நெய்கிறார். குடும்பம் வாடகை வீட்டில் இருக்கிறது. சில வருடங்களுக்குள் வீடு மாறி மாறி இருந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார். அவர் போனால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் 400 மீற்றர் ஓடுகிறவருக்குப் பதினெட்டு வயதில் இருந்து இருபத்தைந்து, இருபத்தாறு வயது வரைதான் கால் வளர்கிற காலம். அந்தக் காலத்தில் ஐந்து வருடம் வெளிநாட்டில் பாரம் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தால், அந்தப் பழைய கால் திரும்பி வராது. ஆகவே அவருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பது பாதி உதவிதான். அவரை ஓட்டத்தில் இருந்து இழுத்துக்கொண்டு போகப்போவது வீடு. அந்த வீட்டுப் பாரத்தை நாம் எல்லோரும் சேர்ந்து தூக்கினால் அவர் ஓடுவார். இதுதான் விஷயம்.

ஊர் கூடி ஒரு விளையாட்டு வீரரைத் தூக்கி நிறுத்திய கதைகள் உலகத்தில் உண்டு. அதில் ஒன்றை உங்களுக்குச் சொல்கிறோம். இது இந்தியாவில், மகாராஷ்டிர மாநிலத்தில் நடந்தது.

சதாரா மாவட்டத்தில் கோலேஷ்வர் என்று ஒரு கிராமம். அங்கே 1926இல் பிறந்தவர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். மல்யுத்தக் குடும்பம். மண் கோதாவில் பழகியவர். 1948இல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். மெத்தை விரித்த மேடையில் மல்யுத்தம் செய்து பழக்கமில்லாதவர், அப்படியிருந்தும் ஆறாவது இடம் வந்தார். உங்கள் பிள்ளை கடற்கரை மணலில் ஓடிப் பழகிவிட்டுத் தடகள மைதானத்தில் போய் ஓடுகிறார் அல்லவா, அதுபோலத்தான்.

அடுத்த ஒலிம்பிக் 1952இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில். போவதற்குக் காசில்லை. கிராமத்து மக்கள் தங்களால் முடிந்ததைச் சேர்த்துக் கொடுத்தார்கள். போதவில்லை. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் அவருக்கு அதிபராக இருந்தவர் கர்டேகர். அவர் தன்னுடைய சொந்த வீட்டை ஈடு வைத்து 7,000 ரூபா எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்து 7,000 ரூபா! ஒரு ஆசிரியர் தன் மாணவனுக்காகத் தன் தலைக்கு மேல் இருந்த கூரையை ஈடு வைத்தார்.

ஜாதவ் ஹெல்சிங்கி போய் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவில் தனி ஒருவராக ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஆள் அவர்தான். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு இந்தியா 1996 வரை, 44 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஊருக்கு அவர் திரும்பி வந்தபோது நூறுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அவரைக் கூட்டிக்கொண்டு போயின.

மாட்டு வண்டி ஊர்வலம் ஒரு நாளோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜாதவ் செய்ததுதான் பெரிய காரியம். மல்யுத்தப் போட்டிகளை நடத்தி, அதில் வந்த பணத்தைக் கொண்டு தன் அதிபரின் வீட்டை ஈட்டில் இருந்து மீட்டுக் கொடுத்தார்.

பின்னால் பொலிஸ் வேலையில் சேர்ந்தார். 1984இல் வீதி விபத்தில் இறந்தார். அரசாங்கம் அர்ஜுனா விருதை அவர் இறந்து பதினாறு வருடம் கழித்து, 2000ஆம் ஆண்டுக்கு உரியதாகக் கொடுத்தது. டில்லியில் ஒரு மல்யுத்த அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கிராமம் அவர் போவதற்கு முன்னால் கொடுத்தது. அரசாங்கம் அவர் செத்த பிறகு கொடுத்தது. இந்த வித்தியாசத்தை நாங்கள் உங்கள் முன்னால் வைக்கிறோம்.

பதக்கம் வந்த பிறகு உதவி செய்ய ஆள் நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்த பிள்ளை. தாய் சரோஜா அம்மா காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் வளர்த்தார். காலுக்கு வைத்தியம் செய்ய மூன்று இலட்சம் ரூபா கடன் வாங்கினார். அந்தக் கடன் வருடக்கணக்காக அந்தக் குடும்பத்தின் தலையில் இருந்தது. 2016இல் ரியோ பராலிம்பிக்கில் 1.89 மீற்றர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். உடனே தமிழ்நாட்டு அரசு இரண்டு கோடி ரூபா அறிவித்தது. அவர் அதில் தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு முப்பது இலட்சம் கொடுத்தார். நல்ல மனம். ஆனால் அந்தத் தாய் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த வருடங்களில் யார் வந்து கதவைத் தட்டினார்கள்?

நம் நாட்டிலேயே பாருங்கள். வரக்காப்பொலப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தை 22.28 செக்கனில் ஓடி மூன்றாவது வந்தார். முதலாவது வந்தவர் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டதால் அது பின்னால் வெள்ளிப் பதக்கமாக மாறியது. 1948இல் டங்கன் வைட் வென்ற பிறகு இந்த நாட்டுக்கு வந்த அடுத்த ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அந்தப் பதக்கத்தை விற்கப்போகிறேன் என்று 2017இல் அவர் பகிரங்கமாகச் சொன்னார். பதக்கம் வென்றவருக்கே நிலைமை அப்படி என்றால், பதக்கத்துக்கு இன்னும் போகாத பிள்ளையின் நிலைமை என்ன?

ஆகவே நாம் இப்போதே கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு விஷயத்தில் ஏமாந்து ஏமாந்து படித்த பாடங்கள் எங்களிடமும் உங்களிடமும் உண்டு. சுனாமிக்குப் பிறகு கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்ட முடியாது என்று வந்த சட்டத்தால் சொந்த வளவு இருந்தும் கூரை போட முடியாமல் நின்றவர்கள் நீங்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியால் கட்டிய 500 வீடுகள் வழக்கில் சிக்கி வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். சுவர் இருந்தது, ஓடு இருந்தது, ஆள் குடியிருக்க முடியவில்லை. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல. உறுதியும் சேர்ந்ததுதான் வீடு.

கழகத்தோடும் ஜமாஅத்தோடும் பேசி நாங்கள் ஒத்துக்கொண்ட ஐந்து விஷயங்களை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறோம். நாளைக்கு யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லக்கூடாது.

முதலாவது, உறுதி. வாங்கப்போவது ஆறு பேர்ச்சஸ் வளவும் இரண்டு அறை வீடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நொத்தாரிசு ஒருவர் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, வேறு பங்காளி இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். அரச காணி அனுமதிப்பத்திரத்தில் இருக்கிற காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அதைக் கைக்கடிதத்தில் வாங்கினால் காசும் போகும், வீடும் போகும். கடலுக்குக் கிட்டக் காணி என்றால் கரையோரம் பேணுகிற திணைக்களத்தின் எல்லையையும் பார்க்க வேண்டும். இந்த வேலையைக் கழகம் தொடங்கிவிட்டது. அது முடியும்வரை விற்கிறவருக்கு ஒரு சதமும் போகாது.

இரண்டாவது, யார் பெயரில். பிள்ளையிடம் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "உம்மாட பேர்ல எழுதுங்க" என்றார். அப்படியே செய்வோம். பின்னால் தாய் அதைப் பெண்பிள்ளைகளுக்கு எழுதுவதாக இருந்தால் தன்னுடைய சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதலாம் என்று நொத்தாரிசு அவருக்கு விளங்கப்படுத்துவார். தாயும் தகப்பனும் சாகும்வரை அந்த வீட்டை விட்டு அவர்களை யாரும் வெளியேற்ற முடியாதபடி இருக்க வேண்டும். எங்கள் சங்கத்துப் பெண்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாக நின்றார்கள். ஏன் என்று பெண்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, காசு போகிற வழி. வங்கியில் தனிக் கணக்கு. கழகத்தில் இருந்து ஒருவர், பள்ளிவாசலில் இருந்து ஒருவர், எங்கள் சங்கத்தில் இருந்து ஒருவர் என்று மூன்று கையெழுத்து. பணம் பிள்ளையின் கைக்கும் போகாது, எங்கள் கைக்கும் போகாது. உறுதி ஒப்பமிடுகிற அன்று நொத்தாரிசு முன்னால் விற்கிறவருக்குப் போகும். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்ற கணக்கு ஒவ்வொரு மாதமும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படும். எங்கள் செய்தித்தாளிலும் வரும். இப்போதைக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்திருக்கிறது.

நான்காவது, கடன் கிடையாது, வட்டி கிடையாது. உங்கள் மார்க்கத்தில் வட்டி கூடாது. எங்கள் தோட்டங்களில் வட்டி எங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. நுண்கடன் என்று வந்து எங்கள் பெண்களின் கழுத்தை நெரித்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. குறைகிற பணத்தைக் கடனாக எடுத்து வீட்டை முடித்தால், அந்தக் கடனை அடைக்க அந்தப் பிள்ளை திரும்பவும் விமானம் ஏறுவார். அப்படியென்றால் நாம் செய்ததில் என்ன பிரயோசனம்? கைமாற்றாக, வட்டியில்லாமல், நாள் குறிக்காமல் கொடுக்க முடிந்தவர்கள் அப்படிக் கொடுக்கலாம். ஸகாத்துப் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்பதை உங்கள் ஆலிம்கள் சொல்வார்கள். அதில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம்.

ஐந்தாவது விஷயத்தை நாங்கள் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறோம். இந்த வீட்டுக்குப் பதிலாக அந்தப் பிள்ளை நமக்கு எதுவும் கடன்பட்டவர் அல்ல. பதக்கம் வேண்டும் என்று கேட்கக்கூடாது. தொடைத் தசை கிழிந்து நாளைக்கே ஓட்டம் நின்றுபோகலாம். தேசியப் போட்டியில் கடைசியாக வரலாம். "ஊரே சேர்ந்து வீடு வாங்கிக் கொடுத்தோம், இவர் இப்படி ஓடுகிறாரே" என்று ஒரு தேநீர்க் கடையிலும் ஒரு வார்த்தை வரக்கூடாது. தோற்றாலும் வீடு வீடுதான். பயத்தோடு ஓடுகிற கால் முன்னுக்குப் போகாது.

இதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை எங்களுக்கு ஒன்று சொல்லியனுப்பினார். தான் உழைக்கத் தொடங்கிய பிறகு, அடுத்த பிள்ளைக்காக இதே கணக்கில் தன் பங்கைப் போடுவதாக. நாங்கள் அதை நிபந்தனையாக எழுதவில்லை. அவருடைய விருப்பமாக ஏற்றுக்கொண்டோம். அதிபரின் வீட்டை மீட்ட ஜாதவிடம் யாரும் மீட்டுத் தா என்று கேட்கவில்லை. மரியாதையோடு கொடுத்தால் மரியாதையோடு திரும்பி வரும்.

இனி எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இது இங்கே இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்வி எங்கள் கிளைக் கூட்டங்களில் சத்தமாகவே வந்தது. "நாங்களே லயத்துக் காம்பராவில் கிடக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு யார் வீடு கொடுத்தது? கரையில் இருக்கிற பிள்ளைக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?"

இந்தக் கேள்வியை நாங்கள் அடக்கவில்லை. கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. மழை பெய்தால் தகரத்தின் கீழ் பாத்திரம் வைக்கிறவர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறோம்.

எங்கள் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளை குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றரில் இந்த நாட்டின் முன்னணி வீரராக வந்தார். மலையில் பிறந்து ஏற்றத்தில் நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் நெஞ்சுக்கு நெடுந்தூரம் ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு நாங்கள் ஊர் கூடி வீடு வாங்கிக் கொடுக்க நினைத்தாலும் எங்களால் முடியாது. காசு இல்லாததால் மட்டும் அல்ல. லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லை. அது அரசாங்கத்தின் காணி, கம்பனியின் நிர்வாகம். நாலு தலைமுறை அதில் பிறந்து செத்தாலும் அதை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. எங்கள் தொழிலாளி பத்து வருடம் வேலை செய்து, ஊழியர் சேமலாப நிதியில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் மீதி இருந்தால், வீட்டுத் தேவைக்காக அதில் 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. எடுக்கப் போனால் காணிக்கும் வீட்டுக்கும் பத்திரம் காட்ட வேண்டும். லயத்தில் இருக்கிறவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து, ஏற்கனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு தருவதாக அறிவித்தபோது நாங்களும் மைதானத்தில் நின்று கைதட்டினோம். வந்த வீடுகளை நாங்கள் நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கு உறுதியும் என்ற எங்கள் கோரிக்கை இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் உறுதி வரும்வரை இருக்கும்.

ஆகவே எங்கள் தோழர்களுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: இந்தக் கரைப் பிள்ளையின் வீட்டில் நாம் போடுகிற ஒவ்வொரு ரூபாவும் நம் வீட்டுப் போராட்டத்தில் இருந்து கழிக்கப்படுகிற ரூபா அல்ல. வீடு பிச்சை அல்ல, உரிமை என்று நாம் சொல்கிறோம். அது எங்களுக்கு மட்டும் உரிமை என்று சொன்னால் எங்கள் பேச்சுக்குப் பாரம் இல்லை. கல்முனைப் பிள்ளைக்கும் அது உரிமை என்று சொல்லி, சொன்னதைச் செய்தும் காட்டினால், நாளைக்கு நாங்கள் ஏழு பேர்ச்சஸ் கேட்டு வீதியில் இறங்கும்போது இந்தக் கரையில் இருந்தும் ஒரு பஸ் மலை ஏறி வரும். வருமா?

(கூட்டத்தில் இருந்து "வரும்" என்ற பதில் எழுந்தது.)

நன்றி. இதை நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.

எங்கள் சங்கம் என்ன செய்யப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சந்தாப் பணத்தில் இருந்து ஒரு சதமும் எடுக்கப்படாது. செக்ரோலில் வெட்டப்படாது. கொடுக்க விருப்பமுள்ள குடும்பம் கிளைத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுத்துத் துண்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க முடியாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அரைப் பேர் போட்ட கிழமையில் யாரும் கொடுக்க வேண்டாம். எங்களோடு வந்திருக்கிற மூன்று பெண்களும் தங்கள் தோட்டத்தில் சீட்டுப் போடுகிறவர்கள். இந்த மாதச் சீட்டு யாருக்கு விழ வேண்டியிருந்ததோ அந்தத் தாயே, "இந்த முறை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகட்டும், எனக்கு அடுத்த முறை தாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பணத்தை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறோம். அவருடைய பெயரையும் நாங்கள் சொல்லப்போவதில்லை. அவரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, இந்த வீட்டுக் கணக்கு முடிந்த பிறகு வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். மீதி பத்து ரூபாவாக இருந்தாலும் இருக்கட்டும். பொத்துவிலில் இருந்து மருதமுனை வரை இந்தக் கரையில் இன்னும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். மலையிலும் ஓடுகிறார்கள். அடுத்தவர் யார் என்று மூன்று கையெழுத்தும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அடுத்தது ஒரு பெண்பிள்ளையாக இருந்தால் எங்களுக்கு இன்னும் சந்தோஷம்.

இரண்டாவது வேண்டுகோள், வீடு குடிபோகிற அன்று பெரிய விழா வேண்டாம். ஒரு பலகையில் கொடுத்தவர்களின் பெயரை எழுதி வாசலில் அடிக்க வேண்டாம். அந்த வாசலால் ஒவ்வொரு நாளும் போய் வரப்போகிறவர்கள் அந்தத் தாயும் தகப்பனும் இரண்டு பெண்பிள்ளைகளும். அவர்கள் தலை நிமிர்ந்து போய் வரட்டும். அன்றைக்கு உம்மா ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றித் தந்தால் குடித்துவிட்டுப் போவோம். தேயிலை எங்களுடையது, நாங்கள் கொண்டு வருகிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று தம்பிமாரிடம் கேட்டோம். கடற்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அவர் அங்கேயே ஓடட்டும். இங்கே இருக்கிற வேலை நம்முடையது.